வாசகர் கேள்வி – பதில்: ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ்

சென்ற இதழில், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் பூர்வகுடி மக்களின் சால்மன் மீன்பிடி உரிமையைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதியபோது, அந்த உரிமைக்கு அடிப்படையான ஒப்பந்தங்களை வாஷிங்டன் பிரதேசத்தின் முதல் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் செய்துகொண்டார் என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த வரியைப் பற்றி வாசகர்கள் பலர் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: யார் இந்த ஐசக் ஸ்டீவன்ஸ்? அவருக்கு ஆளுநர் பதவி எப்படிக் கிடைத்தது?

பதில்: மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வடக்கு ஆண்டோவர் என்னும் ஊரில் 1818-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் பிறந்தவர். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1839-ஆம் ஆண்டு வகுப்பில் முதல் மாணவராகத் தேறி, பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, கிழக்குக் கடற்கரையில் கோட்டை கட்டும் பணிகளைக் கவனித்தார். மெக்சிகோவுடன் நடந்த போரில் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டின் படையோடு சென்று, 1847 செப்டம்பரில் மெக்சிகோ நகரைக் கைப்பற்றிய சண்டையில் காலில் பலத்த காயம் பட்டார். போருக்குப் பிறகு தேசியக் கடற்கரை அளவைத் துறையின் வாஷிங்டன் நகர அலுவலகத்தில் பொறுப்பான பதவி வகித்தார். உயரத்தில் குறைந்தவர், உழைப்பில் அவருக்கு ஈடு கொடுக்க உடன் பணிபுரிந்தவர்களால் முடியவில்லை.

1852-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் அவருடைய முன்னாள் தளபதியான ஸ்காட்டே ஒரு வேட்பாளர். ஸ்டீவன்ஸ் ஸ்காட்டை ஆதரிக்காமல், எதிர்த்து நின்ற ஃபிராங்க்ளின் பியர்ஸுக்காகப் பத்திரிகைகளில் எழுதினார். பியர்ஸ் வென்றார். 1853 மார்ச் 2-ஆம் நாள் ஆரிகன் பிரதேசத்தின் வடபகுதியைப் பிரித்து வாஷிங்டன் பிரதேசம் உருவாக்கப்பட்டது. அதன் ஆளுநர் பதவியைக் கேட்டுப் பெற்றுக்கொண்ட ஸ்டீவன்ஸுக்கு அப்போது வயது 34.

அவர் பெற்றது ஒரு பதவி மட்டுமன்று. ஆளுநர் பொறுப்புடன், அப்பிரதேசத்துப் பூர்வகுடிகள் தொடர்பான விவகாரங்களின் கண்காணிப்பாளர் பொறுப்பும் சேர்ந்தே வந்தது. அவற்றோடு, மினசோட்டாவிலிருந்து பசிபிக் கடற்கரை வரை ரயில் பாதை போட வழி உண்டா என்று ஆராயும் குழுவின் தலைமையையும் அவர் போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸிடம் கேட்டுப் பெற்றார். குடியேறிகளுக்கு நிலம் வேண்டும், ரயிலுக்குப் பாதை வேண்டும், பூர்வகுடிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற மூன்று வழக்கிலும் ஒரே மனிதரே வழக்கறிஞராகவும் நடுவராகவும் அமர்ந்தார். பின்னால் விளைந்த கேடுகளில் பெரும்பகுதிக்கு இந்த ஏற்பாடே காரணம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: பிரதேச ஆளுநரும் இன்றைய மாநில ஆளுநரும் ஒன்றா? அவரை மக்கள் தேர்ந்தெடுத்தார்களா?

பதில்: இல்லை. அமெரிக்காவில் மாநில ஆளுநரை அந்த மாநில மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதேச ஆளுநரையோ, நாட்டின் அதிபர் செனட் சபையின் ஒப்புதலோடு நான்கு ஆண்டுகளுக்கு நியமித்தார். வேண்டாம் என்று கருதினால் இடையிலேயே நீக்கவும் செய்தார். 1787-ஆம் ஆண்டு வடமேற்கு நிலச் சட்டத்தில் தொடங்கிய முறை இது. மக்கள்தொகை போதிய அளவு பெருகும் வரை ஒரு நிலப்பகுதி நடுவண் அரசின் பாதுகாப்பில் இருக்க வேண்டும், பிறகு மாநிலமாக வேண்டும் என்பது அதன் கருத்து. ஆளுநர், செயலர், மூன்று நீதிபதிகள் ஆகியோர் தலைநகரிலிருந்து வந்தார்கள். குடியேறிகள் உள்ளூர்ச் சட்டமன்றத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மன்றம் இயற்றிய சட்டத்தை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்ய முடியும். நாடாளுமன்றத்துக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவர் பேசலாம், வாக்களிக்க முடியாது.

வாஷிங்டன் பிரதேசம் அன்று ராக்கி மலைத்தொடரின் முகடு வரை விரிந்திருந்தது. 1853-இல் எடுத்த கணக்கின்படி அங்கிருந்த குடியேறிகள் 3,965 பேர்தாம். பூர்வகுடி மக்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம்; ஆனால் அக்கணக்கிலும் அவர்கள் சேர்க்கப்படவில்லை, வாக்காளர்களிலும் சேர்க்கப்படவில்லை. பிரதேசம் மாநிலமாவதற்கு 1889 வரை 36 ஆண்டுகள் ஆயின.

கேள்வி: இரண்டே ஆண்டுகளில் அத்தனை ஒப்பந்தங்களை அவர் எப்படிச் செய்து முடித்தார்? எந்த மொழியில் பேசினார்கள்?

பதில்: முதலில் அவசரத்துக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். 1850-ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டம், ஆரிகன் பக்கம் வந்து குடியேறியவர்களுக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தை இலவசமாக வழங்கியது. அந்த நிலத்தின் மீது பூர்வகுடிகளுக்கு இருந்த உரிமை அதற்கு முன் எந்த ஒப்பந்தத்தாலும் தீர்க்கப்படவில்லை. அதாவது, கொடுத்த பிறகு வாங்க வேண்டிய நிலையில் அரசு இருந்தது. 1853 நவம்பரில் ஒலிம்பியா என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்த ஸ்டீவன்ஸ், இச்சிக்கலை விரைவில் தீர்த்தே ஆக வேண்டும் என்று கருதினார்.

முதல் ஒப்பந்தம் 1854 டிசம்பர் 26-இல், மெடிசின் கிரீக் என்ற ஓடையின் கரையில் நடந்தது. நிஸ்குவாலி, புயாலப், ஸ்குவாக்சின் உள்ளிட்ட குடிகளைச் சேர்ந்த சுமார் அறுநூறு பேர் குளிரிலும் ஈரத்திலும் கூடியிருந்தார்கள். ஒப்பந்த வாசகம் அவர்கள் வருவதற்கு முன்பே, அண்மையில் நெப்ராஸ்கா பக்கத்துக் குடிகளோடு அரசு செய்துகொண்ட ஒப்பந்தங்களை மாதிரியாக வைத்து, ஏறத்தாழ எழுதி முடிக்கப்பட்டிருந்தது. ஒரு நாளைக்குள் பேச்சு முடிந்து, தலைவர்களும் பெரியவர்களுமாக 62 பேர் தங்கள் பெயருக்கு நேரே சிலுவைக் குறியிட்டார்கள். சுமார் 4,000 சதுர மைல் நிலம் கைமாறியது. அதற்கு ஈடாக 20 ஆண்டுகளில் தவணையாகக் கொடுக்க வேண்டிய தொகை 32,500 டாலர். அம்மக்கள் இனி வாழ்வதற்கென்று மூன்று சிறிய ஒதுக்கீட்டு நிலங்கள். ஒரு பள்ளி, ஒரு கொல்லுப்பட்டறை, ஒரு மருத்துவர்.

மொழியைப் பற்றிக் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஸ்டீவன்ஸ் ஆங்கிலத்தில் பேசினார். அதை மொழிபெயர்ப்பாளர் பெஞ்சமின் ஷா, சினூக் கலப்புமொழியில் சொன்னார். கம்பளித்தோல் வணிகத்துக்காகக் கடற்கரையில் வழங்கிய அந்தக் கலப்புமொழியில் இருந்தவை சில நூறு சொற்கள்தாம். போர்வைக்கு எத்தனை தோல் என்று பேரம் பேச அவை போதும், நில உரிமையை என்றென்றைக்கும் விட்டுக்கொடுத்தல், அதிபரின் விருப்பப்படி இடமாற்றம் செய்தல் போன்ற செய்திகளைச் சொல்ல அவை போதவே போதா. அதன் பிறகு கூட்டத்திலிருந்த சிலர், தமக்குப் புரிந்த அளவில், தத்தம் தாய்மொழியில் மற்றவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். அம்மக்களின் மொழிகளை நேரடியாகப் பேசத் தெரிந்த குடியேறிகள் அங்கேயே இருந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஓவன் புஷ், தாய்மொழியிலேயே விளக்கத் தம்மால் முடிந்திருக்கும் என்றும் ஆளுநர் அதை விரும்பவில்லை என்றும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இதே முறையில் 1855 ஜனவரி 22-இல் பாயிண்ட் எலியட், 26-இல் பாயிண்ட் நோ பாயிண்ட், 31-இல் நியா பே என்று பத்தே நாட்களில் மேலும் மூன்று ஒப்பந்தங்கள் முடிந்தன. சியாட்டில் நகரத்துக்குப் பெயர் தந்த தலைவர் குறியிட்டது பாயிண்ட் எலியட் ஒப்பந்தத்தில்தான். ஸ்டீவன்ஸ் முடித்த ஒப்பந்தங்கள் அனைத்தையும் சேர்த்தால் கைமாறிய நிலம் சுமார் 6.4 கோடி ஏக்கர் என்று கணக்கிடுகிறார்கள்.

கேள்வி: மீன்பிடி உரிமையை அவர் ஏன் விட்டுக்கொடுத்தார்? அது அவருடைய நல்லெண்ணமா?

பதில்: அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை, அந்த மக்களிடம் ஏற்கெனவே இருந்த உரிமையை அவர்களே தக்கவைத்துக்கொண்டார்கள். இந்த வேறுபாடு பிற்காலத்தில் நீதிமன்றத்தில் பெரிதும் பேசப்பட்டது. சால்மன் மீனைப் பிடிக்க வழியில்லை என்றால் ஒரு தலைவர்கூடக் குறியிட்டிருக்க மாட்டார் என்பது ஸ்டீவன்ஸுக்கும் அவருடைய குழுவிலிருந்த அறிஞர் ஜார்ஜ் கிப்ஸுக்கும் தெரியும். தவிரவும், அன்று குடியேறிகளுக்கே பூர்வகுடிகள் பிடித்து விற்ற மீன்தான் உணவு. தம் உணவை அவர்கள் தாமே தேடிக்கொண்டால் அரசுக்குச் செலவு மிச்சம் என்ற எண்ணமும் இருந்தது. எனவே, வழக்கமான மீன்பிடி இடங்கள் எல்லாவற்றிலும், பிரதேசத்துக் குடிமக்கள் அனைவரோடும் பொதுவாக, மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உறுதி செய்யப்படுகிறது என்ற வாசகம் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இடம்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டில், மாநில அரசு இவ்வாசகத்தை மதிக்காமல், தம் ஆறுகளில் வலை போட்ட பூர்வகுடியினரைக் கைது செய்துகொண்டே இருந்தது. நிஸ்குவாலி குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் முதன்முறை கைதானபோது அவருக்கு வயது 14, ஆண்டு 1945. 1960-களில் ஆற்றங்கரைப் போராட்டங்கள் வலுத்து, வழக்கு நடுவண் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1974 பிப்ரவரி 12-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீன்களில் பாதியளவு ஒப்பந்தக் குடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றம் 1979-இல் அதன் சாரத்தை உறுதி செய்தது. சாலைகளுக்கு அடியில் போட்ட நீர்க்குழாய்கள் சால்மன் மேலேறும் வழியை அடைத்துவிட்டால் அந்த உரிமைக்கே பொருளில்லை என்று தொடர்ந்த வழக்கிலும் 2018-இல் பூர்வகுடிகளே வென்றார்கள்; அக்குழாய்களை மாற்றும் பணி மாநில அரசின் தலையில் விழுந்தது. ஒப்பந்தங்கள் இன்றும் நடைமுறையில் உள்ள சட்டம்.

கேள்வி: கேஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே வாழ்ந்த குடிகளும் இவ்வளவு எளிதில் ஒப்புக்கொண்டார்களா?

பதில்: இல்லை. 1855 மே மாத இறுதியில் வாலா வாலா பள்ளத்தாக்கில் கூடிய மன்றம் இரண்டு வாரம் நீடித்தது. நெஸ் பெர்ஸ், யாக்கிமா, கேயூஸ், உமடிலா, வாலா வாலா குடிகளிலிருந்து ஐயாயிரம் பேர் அளவில் வந்திருந்தார்கள். நெஸ் பெர்ஸ் வீரர்கள் மட்டும் பல நூறு பேர் குதிரையில் அணிவகுத்து வந்து, ஆளுநரின் கொடிமரத்தைச் சுற்றிப் பாய்ந்தோடிக் காட்டினார்கள். அவர்களிடம் செல்வம் இருந்தது, பெருங்குதிரைக் கூட்டங்கள் இருந்தன, போருக்கு ஆள் இருந்தது. ஓடைக்கரையில் ஒரே நாளில் முடித்த வேலையை இங்கே செய்ய முடியாது.

மன்றத்தின் பேச்சுகள் நாள்தோறும் எழுத்தில் பதிவாயின; அவற்றைப் படித்தால் எதிர்ப்பின் ஆழம் புரிகிறது. கேயூஸ் குடியின் தலைவர் ஒருவர், இங்கே பேசுவதையெல்லாம் இந்த மண் கேட்டுக்கொண்டிருக்கிறதா, அதற்கும் ஏதேனும் சொல்ல இருக்குமா என்று கேட்டார். முதலில் இரண்டு ஒதுக்கீட்டு நிலங்களே என்றிருந்த திட்டத்தை மூன்றாக்கிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது. எருமை வேட்டைக்குப் போயிருந்த முதிய தலைவர் லுக்கிங் கிளாஸ் இறுதி நாட்களில் விரைந்து வந்து, நான் இல்லாதபோது என் நாட்டை விற்றுவிட்டீர்களே என்று தம் மக்களைக் கடிந்துகொண்டார். ஆயினும் ஜூன் 9, 11 ஆகிய நாட்களில் ஒப்பந்தங்கள் முடிந்தன.

அடுத்து நடந்ததைத்தான் எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. செனட் ஒப்புதல் தரும் வரை யாரையும் வெளியேற்றமாட்டோம் என்று உறுதி கூறியிருந்தார்கள். ஆனால் மன்றம் கலைந்த இரண்டு வாரத்துக்குள், ஒதுக்கீட்டு நிலம் நீங்கலான பகுதிகள் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டன என்ற அறிவிப்பு ஆரிகன் செய்தித்தாள் ஒன்றில் வந்தது. செனட் இவ்வொப்பந்தங்களுக்கு ஒப்புதல் அளித்தது 1859 மார்ச்சில்தான். 1855 கோடையிலேயே கோல்வில் பக்கம் பொன் கிடைத்த செய்தி பரவ, சுரங்கக்காரர்கள் யாக்கிமா நிலத்தின் வழியே கூட்டங்கூட்டமாகச் சென்றார்கள். அவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். விசாரிக்கச் சென்ற அரசு முகவர் ஆண்ட்ரூ போலனும் செப்டம்பரில் கொல்லப்பட்டார். போர் மூண்டது. ஆளுநரோ அப்போது கிழக்கே வெகுதூரத்தில், மிசூரி ஆற்றங்கரையில், பிளாக்ஃபீட் குடியினரோடு இன்னோர் ஒப்பந்தத்தைப் பேசிக்கொண்டிருந்தார்.

கேள்வி: லெஷை என்ற தலைவரைத் தூக்கிலிட்டவர் ஸ்டீவன்ஸ் என்று படித்தேன். உண்மையா?

பதில்: தூக்கிலிட்ட நாளில் ஸ்டீவன்ஸ் ஆளுநர் அல்லர். ஆனால் அந்தத் தூக்குக்கு இட்டுச் சென்ற ஒவ்வொரு படியிலும் அவருடைய கை இருந்தது.

லெஷை நிஸ்குவாலி குடியைச் சேர்ந்தவர். குதிரை வளர்த்தவர், வயல் உழுதவர், குடியேறிகளோடு நட்பாக இருந்தவர். மெடிசின் கிரீக் ஒப்பந்தத்தில் அவர் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. அதற்கு நேரே உள்ள குறி அவர் இட்டதா என்பது இன்றளவும் சர்ச்சை. அவர் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது ஆற்றிலிருந்து விலகிய, மரம் அடர்ந்த கல்மேடு, 1,280 ஏக்கர். அங்கே மீனுமில்லை, குதிரைக்குப் புல்வெளியுமில்லை. 1855 அக்டோபரில், ஸ்டீவன்ஸ் ஊரில் இல்லாதபோது பொறுப்பு வகித்த செயலர், லெஷையையும் அவர் அண்ணன் குயீமுத்தையும் அழைத்துவரத் தன்னார்வப் படையை அனுப்பினார். உழுத கலப்பையை வயலிலேயே விட்டுவிட்டு இருவரும் தப்பிச் சென்றார்கள்.

1856 ஜனவரியில் திரும்பிய ஸ்டீவன்ஸ், பகைகொண்டோரில் கடைசி ஆள் ஒழியும் வரை போர் தொடரும் என்று சட்டமன்றத்தில் முழங்கினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவரே ஃபாக்ஸ் தீவில் ஒரு மன்றம் கூட்டி, நிஸ்குவாலி மக்களுக்கு ஆற்றோரத்தில் பெரிய நிலம் தர ஒப்புக்கொண்டார். லெஷை எதற்காகப் போரிட்டாரோ அதில் ஒரு பகுதி கிடைத்துவிட்டது. லெஷைக்கு மட்டும் மன்னிப்பு இல்லை. நவம்பரில் அவருடைய உறவினன் ஒருவனே பரிசுக்கு ஆசைப்பட்டு அவரைக் காட்டிக்கொடுத்தான். சில நாட்களில் தாமாகவே சரணடைந்த குயீமுத், ஒலிம்பியாவில் ஆளுநரின் அலுவலகத்தில் இரவு தங்கவைக்கப்பட்டிருந்தபோது கொல்லப்பட்டார். அக்கொலைக்கு யாரும் தண்டனை பெறவில்லை.

தன்னார்வப் படையைச் சேர்ந்த ஏப்ரம் மோசஸ் என்பவரைக் கொன்றதாக லெஷை மீது குற்றச்சாட்டு. முதல் விசாரணையில் நீதிபதி செனோவெத், போர் நடந்ததென்றால் போரில் நேர்ந்த சாவு கொலைக்குற்றம் ஆகாது என்று நடுவர் குழுவுக்கு எடுத்துரைத்தார்; குழு ஒருமனதாக முடிவெடுக்கவில்லை. 1857 மார்ச்சில் நடந்த இரண்டாவது விசாரணையில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்டீலாகூம் கோட்டையின் ராணுவ அதிகாரிகள், போர்க்கைதியைத் தூக்கிலிடுவது தகாது என்று கருதி, கோட்டை நிலத்தில் அதற்கு இடம் தர மறுத்தார்கள். ஒரு மைல் தள்ளித் தூக்குமரம் நட்டு, 1858 பிப்ரவரி 19-இல் தண்டனையை நிறைவேற்றினார்கள். குற்றமற்ற ஒருவரைத் தூக்கிலிடுவதாகவே அப்போது உணர்ந்தேன், இன்றும் அப்படியே நம்புகிறேன் என்று தூக்கிலிட்டவரே பிற்காலத்தில் கூறினார். 2004 டிசம்பரில், மாநிலத் தலைமை நீதிபதியின் தலைமையில் கூடிய சிறப்பு வரலாற்று நீதிமன்றம் லெஷையைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது.

கேள்வி: ஆளுநர் ஒரு நீதிபதியைக் கைது செய்துவிட்டுத் தமக்குத் தாமே மன்னிப்பு வழங்கிக்கொண்டார் என்பது கட்டுக்கதைதானே?

பதில்: கட்டுக்கதை அன்று. 1856 வசந்த காலத்தில், பியர்ஸ் மாவட்டத்தில் சில விவசாயிகள் மீது ஸ்டீவன்ஸுக்கு ஐயம் எழுந்தது. அவர்கள் ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் பழைய ஊழியர்கள். பூர்வகுடிப் பெண்களை மணந்தவர்கள். போர் நடந்தபோதும் தத்தம் பண்ணையில் தீங்கின்றி வாழ்ந்தார்கள். ஆகவே எதிரிக்கு உதவுகிறார்கள் என்று முடிவுகட்டி அவர்களைச் சிறைவைத்தார். ஆட்கொணர்வு மனு நீதிமன்றத்துக்குப் போனது. அதைத் தடுக்க ஆளுநர் ஏப்ரல் 3-இல் அம்மாவட்டத்தில் ராணுவச் சட்டத்தை அறிவித்தார்.

நீதிபதி செனோவெத் உடல்நலம் குன்றியிருந்ததால், தலைமை நீதிபதி எட்வர்ட் லேண்டர் மே மாதம் ஸ்டீலாகூமில் நீதிமன்றத்தைக் கூட்டினார். மெடிசின் கிரீக்கில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஷாவின் தலைமையில் தன்னார்வப் படையினர் ஆயுதங்களுடன் உள்ளே நுழைந்து, இருக்கையில் அமர்ந்திருந்த நீதிபதியையும் அவருடைய எழுத்தரையும் கைது செய்தார்கள். விடுதலையானதும் லேண்டர் ஒலிம்பியாவில் நீதிமன்றத்தைக் கூட்டி, ஆளுநரை நேரில் வருமாறு ஆணையிட்டார். ஆளுநர் அந்த மாவட்டத்துக்கும் ராணுவச் சட்டத்தை நீட்டி, அவரை மறுபடியும் கைது செய்வித்தார். கோடையில் ராணுவச் சட்டம் விலக்கப்பட்ட பிறகு, நீதிமன்ற அவமதிப்புக்காக லேண்டர் அவருக்கு 50 டாலர் அபராதம் விதித்தார். பிரதேசச் சட்டப்படி தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஆளுநருக்கு உண்டு. அதிபரின் முடிவு தெரியும் வரை ஐசக் ஸ்டீவன்ஸ் என்பவரின் தண்டனையை நிறுத்திவைப்பதாக ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் கையொப்பமிட்டார். அதிபர் பியர்ஸ் அவருடைய செயலை ஏற்கவில்லை என்று கடிதம் வந்தது. உள்ளூர்ச் சட்டமன்றமும் கண்டனத் தீர்மானம் போட்டது.

இத்தனைக்குப் பிறகும், 1857 கோடையில் நடந்த தேர்தலில் குடியேறிகள் அவரையே தங்கள் நாடாளுமன்றப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1859-இல் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அவர் செய்தவற்றை அவர்கள் தங்களுக்காகச் செய்ததாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் இது காட்டுகிறது.

கேள்வி: ரயில் பாதைக்காக அவர் செய்த ஆய்வால் பயன் விளைந்ததா?

பதில்: விளைந்தது. மினசோட்டாவிலிருந்து புறப்பட்ட அவருடைய குழு நிலத்தையும் நீரையும் செடிகொடிகளையும் மக்களின் மொழிகளையும் சேர்த்தே பதிவு செய்தது. குழுவில் ஓவியரும் இயற்கை ஆய்வாளரும் இருந்தார்கள். மேற்கிலிருந்து மலைக்கணவாய்களை ஆராய அனுப்பப்பட்டவர், பின்னாளில் உள்நாட்டுப் போரில் வடவர் படைத்தளபதியான ஜார்ஜ் மெக்லெல்லன். பனியின் ஆழத்தைக் கேள்விப்பட்டே அவர் திரும்பிவிட, ஸ்டீவன்ஸ் சினமடைந்து வேறொருவரை 1854 ஜனவரியில் அனுப்பினார். பனி அவ்வளவு ஆழமில்லை என்று தெரிந்தது. வடக்குப் பசிபிக் ரயில் பாதை 1883-இல்தான் முடிந்தது. அதைக் காண ஸ்டீவன்ஸ் இல்லை.

கேள்வி: அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து அளவுகோலால் அளப்பது சரியா?

பதில்: சரியன்று, ஆனால் இங்கே அதற்குத் தேவையே எழவில்லை. அவர் காலத்து மனிதர்களே அவரைத் தடுத்தார்கள். பசிபிக் கரைப் படைத்தளபதி ஜான் வூல், இந்தப் போர் குடியேறிகளின் பேராசையால் மூண்டது என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினார். ஸ்டீலாகூம் கோட்டை அதிகாரிகள் லெஷைக்காக வாதாடினார்கள். தலைமை நீதிபதி இருமுறை கைதானார். ஒப்பந்தக் குழுவிலிருந்த கிப்ஸே பிற்காலத்தில் ஆளுநரின் அவசரத்தைக் கடுமையாகக் குறை கூறினார். மறுபக்கம், அவரைக் கொடியவர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடவும் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. கையூட்டு வாங்கினார் என்றோ, நிலத்தைத் தமக்கென்று சுருட்டினார் என்றோ வலுவான குற்றச்சாட்டு எதுவும் அவர் மேல் இல்லை. பிரதேச நூலகத்துக்காக நாடாளுமன்றம் தந்த 5,000 டாலரில் கவனமாக நூல்களைத் தேர்ந்து வாங்கியவர் அவர். இன்றைய வாஷிங்டன் மாநில நூலகத்தின் தொடக்கம் அதுதான். பாடத்தை ஒரே இரவில் முடித்துவிடும் மாணவனின் வேகத்தோடு, பல்லாயிரம் மக்களின் வாழ்வையும் ஒரு குளிர்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று அவர் நம்பினார். மறுத்துப் பேசியவர் யாராக இருந்தாலும், அவர் தலைவரோ, தளபதியோ, நீதிபதியோ, பகைவராகவே அவர் கண்ணுக்குத் தெரிந்தார்.

கேள்வி: அவருடைய இறுதிக்காலம் எப்படி இருந்தது?

பதில்: 1860 அதிபர் தேர்தலில், தென்மாநிலங்களின் ஆதரவு பெற்ற பிரெக்கின்ரிட்ஜின் பிரசாரத்தை ஸ்டீவன்ஸ் தலைமையேற்று நடத்தினார். மறு ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டதும், ஒன்றியத்தின் பக்கம் நின்று போரிட முன்வந்தார். பழைய அரசியல் தொடர்பால் அவர் மீது ஐயம் இருந்தது. வெஸ்ட் பாயிண்ட்டில் முதலிடம் பெற்றவருக்குக் கிடைத்தது ஒரு படைப்பிரிவின் கர்னல் பதவி மட்டுமே. அது நியூயார்க்கின் 79-ஆவது படைப்பிரிவு. ஸ்காட்லாந்து மரபினர் நிறைந்தது. அவர் பொறுப்பேற்ற 1861 ஆகஸ்டில் அவ்வீரர்கள் கலகம் செய்தார்கள். அதை அடக்கி, சில மாதங்களில் அவர்களுடைய முழு நம்பிக்கையையும் பெற்றார். விரைவில் பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்தார்.

1862 செப்டம்பர் 1-ஆம் நாள் வர்ஜீனியாவின் சாண்டிலியில், இடியும் மழையுமாக இருந்த மாலையில், அவருடைய படை முன்னேறியது. பழைய 79-ஆவது படைப்பிரிவில் கொடி ஏந்தியவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். அதே தாக்குதலில் அவருடைய மகன் ஹஸார்டும் காயப்பட்டு விழுந்தார். ஸ்டீவன்ஸ் கொடியைத் தாமே எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். நெற்றிப்பொட்டில் குண்டு பாய்ந்து அங்கேயே இறந்தார். வயது 44. மறைவுக்குப் பிறகு மேஜர் ஜெனரல் பட்டம் வழங்கப்பட்டது. ரோட் தீவின் நியூபோர்ட்டில், மனைவி மார்கரெட்டின் ஊரில், அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: அந்த மகன் பிழைத்தாரா? ஸ்டீவன்ஸைப் பற்றி மேலும் அறிய எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: பிழைத்தார். 13 வயதிலேயே தந்தையோடு ஒப்பந்த மன்றங்களுக்குச் சென்றவர் ஹஸார்ட். போருக்குப் பிறகு ஒலிம்பியாவுக்குத் திரும்பி, 1870 ஆகஸ்டில் வான் டிரம்ப் என்பவரோடு ரெய்னியர் மலையின் உச்சியை அடைந்தார். பதிவான முதல் ஏற்றம் அதுதான். வழிகாட்டியாக வந்தவர் ஸ்லூஸ்கின் என்ற பூர்வகுடி மனிதர். உச்சிக்குப் போகாதீர்கள் என்று அவர் தடுத்துப் பார்த்து, கேட்காததால் கீழே காத்திருந்தார்.

தந்தையின் வாழ்க்கையை ஹஸார்ட் இரண்டு தொகுதிகளாக எழுதி 1900-இல் வெளியிட்டார். கடிதங்களும் நேரில் கண்ட செய்திகளும் நிறைந்த நூல் அது. ஆனால் தந்தையின் பக்கமே பேசுகிறது, லெஷைக்கு அதில் நியாயம் கிடைக்காது. ஆகவே அதைத் தனியாகப் படிக்க வேண்டாம். வாலா வாலா மன்றத்தின் பேச்சுப் பதிவு அச்சில் கிடைக்கிறது. முதலில் அதைப் படித்துவிட்டு, அதே நாட்களை மகன் எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.